பிஸ்கட் டின்னைத் துப்பறிந்த மாப்பிள்ளை

நான் இதுவரை படித்த நாவல்களில் எந்தத் துப்பறிவாளருக்கும் மாமியார் வீடு கிடையாது. கவனித்திருக்கிறீர்களா? ஆள் எத்தனை பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் தனிக்கட்டைதான். ஒரு வாடகை அறை, ஒரு உதவியாளன், ஒரு சோடி சப்பாத்து. அவ்வளவுதான் குடும்பம். எழுதியவர்களுக்குக் கற்பனை போதாது என்று இளவயதில் நினைத்திருந்தேன். இல்லை, அவர்கள் அனுபவசாலிகள். பெண் எடுத்த வீட்டில் இருந்துகொண்டு துப்பறியப் போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். நான் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்குப் போனேன். இடையில் கல்முனையும் பாண்டிருப்பும்தான். மோட்டார் சைக்கிளில் ஏறினால் வியர்க்குமுன் போய்ச் சேரலாம். ஆனாலும் என் உம்மா என்னைக் கப்பலேற்றுவதுபோல அழுதுதான் அனுப்பினார். அங்கே போனால் ராஜ மரியாதை. நான் கதிரையை நகர்த்தினால் மாமா ஓடிவந்து நகர்த்துவார். குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே மாமி பதறிப்போவார். புது மாப்பிள்ளைக்குக் குசினியில் என்ன வேலை? மொத்தத்தில் அந்த வீட்டில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் வினை.

நான் நீர்ப்பாசனப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒருமுறை சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வாய்க்காலில் தண்ணீர் போகிற வழியிலேயே குறைந்துகொண்டிருந்தது. கரையோரமாக நடந்து போனேன். ஓரிடத்தில் மட்டும் புல் அளவுக்கு மீறிய பச்சையாக இருந்தது. கிளறிப் பார்த்தால் களவாகப் புதைத்த குழாய். என் மேலதிகாரி தோளில் தட்டி, "ஐசே, நீர் சி.ஐ.டி.க்குப் போயிருக்க வேண்டிய ஆள்" என்றார். அந்த மனுஷன் அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம்.

துப்பறியும் நாவல் பைத்தியம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்குவேன். என் ஆள் துப்பறியும் வச்சிரவேல். (கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அட்டை கிழிந்துதான் எனக்கே கிடைத்தார்.) நெடுநெடு என்ற உயரம், வாயில் எப்போதும் ஒரு கராம்பு. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹோலுக்குள் கூட்டுவார். கதவைச் சாத்துவார். கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். பிறகு, "இந்த அறைக்குள் இருப்பவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார்" என்பார். அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பு புல்லரித்துவிடும். அந்த ஒரு வரிக்காகவே முழுப் புத்தகத்தையும் வாங்குகிறவன் நான்.

என் மனைவி நஸ்ரினும் படிப்பாள். அதுதான் எங்களுக்குள் முதல் பொருத்தம், முதல் சண்டையும் அதுதான். அவளுடைய ஆள் கமலாம்பிகை டீச்சர். ஓய்வுபெற்ற தையல் டீச்சர். யாரையும் கூட்டமாட்டார், எந்தக் கதவையும் சாத்தமாட்டார். பழைய சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் குற்றவாளியின் வீட்டுக்குத் தனியாகப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, "நீங்கள்தானே தம்பி?" என்று மெதுவாகக் கேட்பார். அவனும் தலையைக் குனிந்துகொள்வான். கதை முடிந்தது.

"இதெல்லாம் ஒரு துப்பறியிறதா? ஒரு சத்தம் இல்ல, ஒரு சோடின இல்ல" என்பேன் நான்.

"உங்கட வச்சிரவேல் கண்டுபுடிக்கிறதவிட கத்துறதுதான் மிச்சம்" என்பாள் அவள்.

இன்னொரு கோளாறும் என்னிடம் இருந்தது. நான் வேகமாகப் படிப்பேன், படித்தது வாயில் நிற்காது. அவள் பாதிப் புத்தகத்தில் இருக்கும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த டிரைவர்தான் கொலகாரன், தெரியுமா?" என்று சொல்லிவிடுவேன். வேண்டுமென்று இல்லை, சந்தோஷத்தில் வருகிறது. ஒருநாள் அப்படிச் சொன்னபோது அவள் புத்தகத்தை மூடி மேசையில் போட்டாள்.

"இஞ்சருங்க, ஒரு நாளைக்கி உங்களுக்குத் தெரியாத ஒரு முடிவ நான் கையில வெச்சிரிப்பன். அண்டைக்கி வெளங்கும்."

"எனக்குத் தெரியாத முடிவா? அப்பிடி ஒரு கத இன்னும் ஒருத்தரும் எழுதல்ல" என்றேன். (வாய்க்கொழுப்பு என்பது இதுதான்.)

அந்த வருஷத்து நோன்பு, அந்த வீட்டில் என் முதல் நோன்பு. அதே நாட்களில்தான் நஸ்ரினின் தம்பி றிஸ்வானுக்குக் கல்யாணப் பேச்சும் வந்தது. றிஸ்வான் கல்முனைச் சந்தையில் உடுக்கிற சாரம் விற்கும் மாமாவின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் ஒலுவில் ஹாஜியார் ஒருவரின் மகள். ஹாஜியாருக்குக் கடலில் வள்ளங்கள், கரையில் நல்ல பெயர். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகத் தொழிலைக் கேட்பார்கள், படிப்பைக் கேட்பார்கள். இவர் முதலில் கேட்டது, "பெடியன் நோன்ப ஒழுங்காப் புடிப்பாரா?" என்பதைத்தான். நோன்பு திறக்கும் நேரத்தில் பார்த்தால் ஒரு ஆளின் குணம் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை தானும் மனைவியும் எங்கள் வீட்டுக்கே நோன்பு திறக்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

றிஸ்வான் அந்தப் பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் தூரத்தில் கண்டவன். அன்றிலிருந்து கடையில் சிவப்புச் சாரம் கேட்டால் நீலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "இது தப்பினா எனக்கு வேற கல்யாணமே வாணாம் உம்மா" என்று மாமியிடம் சொன்னதை நானே கேட்டேன். ஆகவே அந்த வீட்டில் எல்லோரும் அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்படியான நேரத்தில்தான் பிஸ்கட் டின் என் கண்ணில் பட்டது.

குசினி வாசல் அலுமாரியின் மேல் தட்டில் ஒரு கிறீம் கிறேக்கர் டின் இருக்கும். விடியுமுன் சாப்பிடச் சஹருக்கு எழும்பும்போது நிறைந்திருக்கும். வேலையால் வந்து நான் (தற்செயலாகத்தான்) தூக்கிப் பார்த்தால் பாரம் குறைந்திருக்கும். முதல் நாள் எலி என்று நினைத்தேன். ஆனால் எலி தின்றுவிட்டு மூடியைத் திரும்பப் போடாதே! பிறகு கிணற்றடியில் மாங்காய்த் தோல் கிடந்தது. பட்டப் பகலில் குசினியில் ஈரம் காயாத ஒரு தேத்தண்ணிக் கோப்பை. பிரிஜ்ஜின் மூலையில், கீரைக் கட்டுக்குப் பின்னால், ஒரு அச்சாறுப் பொட்டலம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் கிடையாது. நோயாளிகளும் கிடையாது. அப்படியென்றால் முடிவு ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் யாரோ ஒருவர் நோன்பைக் களவாக விடுகிறார்.

முதலில் பயந்தது என் கழுத்துக்குத்தான். மாப்பிள்ளை வந்த பிறகுதான் பிஸ்கட் குறைகிறது என்று யாராவது யோசித்தால்? ஏற்கெனவே எனக்கு ஒரு சரித்திரம் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு, முழு வீட்டுக்கும் வைத்த வட்டிலப்பத்தை எனக்கு மட்டும் என்று நினைத்துத் தின்று முடித்தவன் நான். இரண்டாவது பயம் ஹாஜியார். அவர் வரும் நாளில் இந்தக் கதை வெளியே கசிந்தால் றிஸ்வானின் கல்யாணம் அதோடு சரி. வெள்ளிக்கிழமைக்குமுன் ஆளைக் கண்டுபிடித்து, வீட்டுக்குள்ளேயே விஷயத்தை முடித்து, இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுவது என்று உறுதி எடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வச்சிரவேலை மட்டும் யார் கேட்டார்கள்?

வாயில் கராம்பு போட முடியாது, நோன்பு. எனவே ஒன்றைச் சேட் பையில் போட்டுக்கொண்டு, யோசனை வரும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதல் சோதனை வாய் மணம். நோன்பாளியின் வாயும் பிஸ்கட் தின்றவனின் வாயும் ஒரே மாதிரி மணக்காது. மாமாவிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் போய், தோளில் நூல் ஒட்டியிருப்பதுபோலத் தட்டிவிட்டு, முகத்துக்குக் கிட்டக் குனிந்து மூச்சை இழுத்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாத நோன்பு வாய். சரியாகத் தெரியவேண்டும் என்பதற்காக அடுத்த நாளும் இழுத்தேன். அன்று பின்னேரம் மாமா மாமியிடம் கண்கலங்கச் சொன்னதாகப் பிறகு அறிந்தேன்: "மருமகன் என்னில மிச்சம் இரக்கம். சொந்த மகன்கூட இப்பிடிக் கிட்ட வாறல்ல." றிஸ்வானிடம் அந்த முயற்சி பலிக்கவில்லை. நான் குனிய, அவன் விலக, நான் மறுபடி குனிய, "என்ன மச்சான், காதுல ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டான். விலகினான் அல்லவா? அதை ஒரு தடயமாகக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது சோதனை காலடித் தடம். வச்சிரவேல் ஒரு கதையில் தரையில் மாவைத் தூவி வைத்துக் கள்ளனைப் பிடிப்பார். நானும் குசினிக்குள் பதுங்கிப் போய், பிரிஜ்ஜுக்கு முன்னால் அரிசிமாவைத் தூவிக்கொண்டிருந்தேன். பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"என்ன மருமகன், பசிக்கிதா?"

நோன்பு நாளில், பட்டப் பகலில், மாப்பிள்ளை, பிரிஜ்ஜடியில், கையில் மாவு. "இல்ல மாமி, எறும்பு..." என்றேன். "எறும்புக்கு ஏன் மகன் மாவு குடுக்கிற?" என்று மாமி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் வெளியே வந்து கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் மாவு முழுவதும் என் கால் தடம்தான்.

இதற்கிடையில் நஸ்ரின் விடியப்புறங்களில் குடலைப் புரட்டிக்கொண்டு சத்தியெடுத்தாள். வழக்கோடு சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்கிவிட்டேன். மீன் பழுதாக இருக்கும் என்று மீன்காரரைத் தெருவில் மறித்துச் சண்டை பிடித்தேன். பாவம் அவர், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மீனாகத் தூக்கிச் செவுளை விரித்துக் காட்டினார். பிறகு மாமியும் நஸ்ரினும் குசினியில் குசுகுசுத்தார்கள், நான் போனால் நிறுத்தினார்கள். ஹாஜியாருக்கு என்ன பலகாரம் செய்வது என்ற ஆலோசனையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். மாமா திடீரென்று மகளுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து ஒளித்து வைத்தார். தகப்பன் பாசம் என்று நினைத்தேன். வாய்க்கால் கரையில் புல்லின் நிறத்தைப் பார்த்துக் குழாயைக் கண்டவனுக்கு, ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்த விஷயம் தெரியவில்லை.

என் சந்தேகம் முழுவதும் றிஸ்வான் மேல். அவன்தான் மத்தியானங்களில் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து போகிறான் என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். ஒருநாள் அரை நாள் லீவு போட்டு, ஹெல்மட்டைக் கழற்றாமலே சந்தை முனையில் காத்து நின்றேன். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். நேரே பாண்டிருப்பு. றோட்டோரம் ஒரு அச்சாறு வண்டிலில் நிறுத்தினான். நான் என் வாகனத்தை ஒரு மதிலோரம் விட்டுவிட்டு, குனிந்து ஓடி, வண்டிலுக்குப் பின்னால் குந்தினேன். றிஸ்வான் மாங்காய் அச்சாறு வாங்கினான், பொட்டலத்தைச் சேட்டுக்குள் ஒளித்தான், மருதமுனைப் பக்கம் போனான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! சந்தோஷத்தில் எழும்பினேன்.

வண்டில்கார ஐயா என்னை வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டார். "ருசி பாருங்கோ தம்பி" என்று ஒரு துண்டு மாங்காயை என் கையில் வைத்தார். மிளகாய்த் தூள் தூவிய மாங்காய்த் துண்டும் நானும் ஹெல்மட்டுமாக நிற்கும்போது, மாமாவின் பக்கத்துக் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். முகம் ஹெல்மட்டுக்குள் இருந்தாலும் நான் போட்டிருந்த சேட் அவருக்குத் தெரியும். மாமாதான் பரிசளித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாப்புள" என்றார். மாங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நோன்புதானே?"

"ஓம், நோன்பு" என்றேன்.

"ம்" என்றார். அந்த "ம்" சைக்கிளோடு கல்முனைக்குப் போனது. அது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாஜியார் நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி வருவதாகச் சொல்லியிருந்தார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு எல்லோரையும் ஹோலுக்குள் கூப்பிட்டேன். முக்கியமான குடும்ப விஷயம் என்றேன். மாமா வந்தார், மாமி கஞ்சிக் கரண்டியோடு வந்தார், நஸ்ரின் மூலையில் கதிரையில் உட்கார்ந்தாள், றிஸ்வான் புதுச் சேட்டோடு நின்றான். நான் போய் விறாந்தைக் கதவைச் சாத்தினேன். யன்னலையும் சாத்தினேன். சாத்தாமல் வச்சிரவேல் பேசமாட்டார்.

"மருமகன், வேர்க்கிது" என்றார் மாமா.

"கொஞ்ச நேரம்தான் மாமா." பையில் கராம்பைத் தொட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. தொண்டையைச் செருமினேன். "இந்த அறைக்குள் இருப்பவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார்!"

நால்வரும் சட்டென்று நஸ்ரினைப் பார்த்தார்கள். (நஸ்ரின் உட்பட. அவள் தன் மடியைப் பார்த்தாள்.) எனக்கு அது உறைக்கவே இல்லை.

பிஸ்கட் டின்னில் தொடங்கினேன். எலி ஏன் இல்லை என்று விளக்கினேன். மாங்காய்த் தோல், கோப்பை, கீரைக் கட்டுக்குப் பின்னால் பொட்டலம் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். குரல் தானாகவே உயர்ந்துகொண்டு போனது. "மருமகன், இது வேற விசயம், பொறகு கதைப்பம்" என்று மாமி இரண்டு தரம் குறுக்கே வந்தார். மாமா தாடியைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். தாய் தகப்பனுக்கு மகனின் குட்டு உடைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்து அவர்களுக்காக இரங்கினேன். ஆனால் பின்வாங்கவில்லை.

"நேற்று முன்தினம் பாண்டிருப்பு அச்சாறு வண்டிலில் ஒருவரை நான் என் கண்ணால் கண்டேன். றிஸ்வான்! நோன்பு நாளில் பகலில் அச்சாறு வாங்கித் தின்றது நீ இல்லையா?"

(ஆம், அந்த நேரத்தில் நான் நாவல் தமிழில்தான் பேசினேன். வீட்டில் இன்றைக்கும் அதை நடித்துக் காட்டுகிறார்கள்.)

றிஸ்வான் தன் ராத்தா நஸ்ரினைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூடிக்கொண்டான். பிறகு நேராக நின்றான்.

"ஓம் மச்சான். நான்தான் திண்ட."

எனக்கு உடம்பு புல்லரித்தது. வழக்கு முடிந்தது! இனி அவனுக்கு நாலு புத்தி சொல்லி, ஹாஜியார் வருமுன் கதவைத் திறந்துவிட்டால் சரி.

அப்போதுதான் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

மாமாதான் போய்த் திறந்தார். விறாந்தைக் கதிரையில் வெள்ளைத் தொப்பியோடு ஒலுவில் ஹாஜியார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஒரு பழப்பெட்டி. நேரத்தோடு வந்திருக்கிறார்கள். சலாம் சொல்லியிருக்கிறார்கள். என் குரலுக்கு மேலால் அது உள்ளே வரவில்லை. கதவு யன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால் அவர்கள் வந்ததை நாங்களும் காணவில்லை. ஆனால் என் குரலுக்குக் கதவு ஒரு தடையே இல்லை.

றிஸ்வானின் முகத்தில் இரத்தம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. அவன் ஆசைப்பட்ட ஒரே ஒரு விஷயத்தை, அவன் வீட்டில் சோறு தின்றுகொண்டு, நான் கெடுத்துவிட்டேன்.

ஹாஜியார் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "நான் கேள்விப்பட்ட கத வேற மாதிரி" என்றார் நிதானமாக. "இந்த ஊட்டு மாப்புள ஒருத்தர் பாண்டிருப்பில அச்சாறு வண்டிலுக்குப் பின்னால ஒளிச்சி நிண்டு மாங்கா திண்டெண்டு கல்முனச் சந்தயில கதைக்கிறாங்க. அது ஆரு?"

எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். "அது... நான் பின்தொடர்ந்து..." என்றேன். நாவல் தமிழ் இன்னும் இறங்கவில்லை.

நஸ்ரின் எழும்பினாள். "ஹாஜியார், எண்ட தம்பி ஒரு நோன்பும் உடல்ல. பிஸ்கட்டும் நான்தான் திண்ட, அச்சாறும் நான்தான் திண்ட. அவன் எனக்குத்தான் வாங்கிட்டு வந்த. டாக்டர் என்ன நோன்பு புடிக்கப்படா எண்டு சொன்ன."

"டாக்டரா?" நான் பதறிவிட்டேன். "உனக்கு உடம்புக்கு என்ன வருத்தம்? என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

மாமி கரண்டியால் தன் வாயை மறைத்துக்கொண்டார். கடைசியில் தாங்கமுடியாமல் வாய் திறந்தவர், அன்றுதான் அந்த வீட்டுக்குள் முதல்முதலாகக் கால் வைத்த ஹாஜியாரின் மனைவி.

"எண்ட அல்லாஹ்! இந்தப் புள்ளைக்கு இன்னும் வெளங்கல்லயே! மகன், நீங்க வாப்பாவாகப் போறீங்க!"

நான் கதிரையைத் தேடினேன். மாமா ஓடிவந்து நகர்த்திவைத்தார்.

"பெருநாளைக்குக் காலயில சொல்லலாம் எண்டிருந்தன்" என்றாள் நஸ்ரின். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "எத்தின முடிவ எனக்கு முன்னால உடைச்சீங்க. இந்த ஒண்ட மட்டும் நான் சொல்லணும் எண்டு எல்லாருட்டயும் சத்தியம் வாங்கின."

அந்தச் சத்தியத்துக்காகத்தான் றிஸ்வான் நான் சுமத்திய பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பான். சொல்லவில்லை. எழும்பிப் போய் அவன் கையைப் பிடித்தேன். "உடுங்க மச்சான்" என்றான்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் ஒரு ஈச்சம்பழத்தை எடுத்துத் தான் தின்னாமல் முதலில் றிஸ்வானிடம் நீட்டினார். "ராத்தாட வாக்குக்காகத் தண்ட கல்யாணத்தயே உட்டுக்குடுக்க நிண்ட புள்ள" என்றார். "இனி நான் என்னத்த விசாரிக்கிற? நீங்க நாளப் பாருங்க." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு நிபந்தனையும் போட்டார். "ஆனா கல்யாணத்தண்டைக்கி இந்த மருமகன் நிக்கிற எடத்துல ஒரு கதவும் சாத்தப்படா." கல்யாணத்தன்று உண்மையாகவே ஒலுவில் வீட்டின் எல்லாக் கதவுகளுக்கும் சாத்தாதபடி கல் வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் செருப்பு காணாமல் போனாலும் அலுமாரித் திறப்பு காணாமல் போனாலும், "மச்சானக் கூப்பிடுங்க, கதவச் சாத்துங்க" என்பதுதான் பேச்சு. மாமா இன்றைக்கும் நான் கிட்டப் போனால் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டுவார். என் மகள் இப்போது தானே நாவல் படிக்கிற வயது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள், நான் முடிவைச் சொல்லிவிடுவேனாம்.

றிஸ்வானுக்கும் அவன் மனைவிக்கும் நெடுங்காலமாகப் பிள்ளை இல்லை. யாரும் அதைப் பற்றி அவர்கள் முன்னால் கதைப்பதில்லை. போன நோன்புக்கு இருவரும் ஒலுவிலிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் நான் அலுமாரியின் மேல் தட்டில் இருந்த டின்னைத் (தற்செயலாகத்தான்) தூக்கிப் பார்த்தேன். பாரம் குறைந்திருந்தது.

டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். சந்தோஷத்தில் மூடியை இரண்டாம் தரம் அழுத்தி மூடினேன். நான் அதை நஸ்ரினிடம்கூடச் சொல்லவில்லை. நான்! முடிவு தெரிந்தால் சோற்றுக் கோப்பையோடு கத்துகிறவன்! அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் பாண்டிருப்பில் நிறுத்தி மாங்காய் அச்சாறு வாங்கினேன். ஹெல்மட் போடாமல், ஒளிக்காமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரிஜ்ஜின் மூலையில், கீரைக் கட்டுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் பொட்டலம் இராது. நான் இன்னொன்று வைப்பேன்.

பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்து எல்லோரும் ஹோலில் இருந்தோம். றிஸ்வான் எழும்பிப் போய் விறாந்தைக் கதவைச் சாத்தினான். யன்னலையும் சாத்தினான்.

"இந்த அறைக்குள் இருப்பவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார்!" என்றான், என்னுடைய அதே குரலில். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி தலைமுக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "எங்கட விசயத்த நாங்க ஒருத்தருக்கும் சொல்லல்ல. ராத்தாக்கும் சொல்லல்ல, உம்மாக்கும் சொல்லல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் பிரிஜ்ஜுக்குள்ள அச்சாறு வந்திருக்கி. வெச்சது ஆரு?"

மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழத் தொடங்கினார். நஸ்ரின் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நோன்பு முடிந்துவிட்டதே, என் வாயில் ஒரு கராம்பு இருந்தது. அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினேன்.

"ஓம் மச்சான். நான்தான் வெச்ச."